முதியோர் இல்லத்தில் ஓர் இளம் செவிலி

ஆஸ்பத்திரிச் செவிலிக்கும் முதியோர் பராமரிப்பு இல்லத்துச் செவிலிக்கும் படிப்பு ஒன்று, தேர்வு ஒன்று, உரிமப் பத்திரமும் ஒன்று. ஆயினும் முன்னவள் தன் பிரயாசையின் பலனை, நோயாளி எழுந்து நடந்து வீடு திரும்பும் நாளில் கண்ணாரக் காண்கிறாள், பின்னவளோ தன் பொறுப்பில் விடப்பட்டவர்களுள் பெரும்பாலோர் இனி வீடு திரும்பப் போவதில்லை என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டுதான் மருந்து வண்டியைத் தள்ளத் தொடங்குகிறாள். அமெரிக்காவில் இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அவற்றில் 12 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். அங்கே வேலைக்குச் சேரும் இளம் செவிலியர் பலர் ஓராண்டு நிறைவதற்குள் உடலும் மனமும் ஓய்ந்து, ஆஸ்பத்திரிக்கோ வேறு தொழிலுக்கோ போய்விடுவது அந்நாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் விஷயம். காரணம் கேட்டால், 'இளகிய மனம், முதுமையையும் மரணத்தையும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கச் சக்தி போதவில்லை' என்று அநுதாபத்தோடு சொல்பவர்களே அதிகம். இந்த அபிப்பிராயம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், ஐம்பது, அறுபது ஆண்டுகளாக இத்துறையில் நடந்துள்ள ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது என்றே நான் கருதுகிறேன். முதியவர்களோடு ஏற்படும் நெருக்கம் செவிலியைத் தாங்கி நிறுத்தும் சக்தி. அந்த நெருக்கத்துக்கு இடம் கொடாத வேலை அமைப்புத்தான் அவளை வீழ்த்துகிறது.

பணிச்சோர்வு, அதாவது 'பர்ன்அவுட்' என்று இன்று சாதாரண சம்பாஷணையிலும் அடிபடும் நிலை, ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்கப்பட்டு அரை நூற்றாண்டுதான் ஆகிறது. ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவயதில் நியூயார்க் வந்து சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர், பகலில் தம் சொந்தத் தொழிலை நடத்திவிட்டு, இரவில் ஏழைகளுக்கான இலவச வைத்திய நிலையம் ஒன்றில் ஊதியமின்றி உழைத்து வந்தார். அங்கே தம்மோடு சேவை செய்ய உற்சாகமாக வந்த இளைஞர்கள் நாளடைவில் களைத்துச் சலித்து, எவர் துயரைத் துடைக்க வந்தார்களோ அவர்கள்மீதே எரிந்து விழும் நிலைக்கு ஆளானதை அவர் கண்டார். தம்மிடமும் அதைக் கண்டார். 1974ஆம் ஆண்டில் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். பிறகு கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் பேராசிரியை, சூசன் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து, 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை 1981இல் வெளியிட்டார். உணர்ச்சி வற்றிப் போதல், எதிரே இருக்கும் மனிதரை மனிதராகக் கருதாமல் ஒதுங்கி நிற்றல், தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து பார்ப்பது அதன் முறை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இந்நிலையை வரையறுத்தபோது, இதை ஒரு வியாதியாகக் கொள்ளாமல், வேலையிடத்தில் நீடித்து நின்று, சரிவரக் கையாளப்படாத நெருக்கடியின் விளைவாகவே குறித்தது. நோய்முதலை வேலையிடத்தில் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேண்டியதில்லை. அப்படியிருந்தும், சோர்ந்து போன செவிலிக்கு மூச்சுப் பயிற்சியும் நாட்குறிப்பு எழுதுவதும் வெந்நீர்க் குளியலும் உபதேசிக்கும் துண்டுப் பிரசுரங்கள்தாம் எங்கும் மலிந்து கிடக்கின்றன.

வேலையிடம் என்பது என்ன? அமெரிக்கக் காங்கிரஸ் 1987இல் இயற்றிய சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஒவ்வோர் இல்லத்திலும் பதிவுபெற்ற செவிலி ஒருவர் நாள்தோறும் தொடர்ந்து 8 மணி நேரம் இருக்க வேண்டும்; எஞ்சிய நேரத்துக்கு, 'எல்.பி.என்.' என்று அவர்கள் சொல்லும், குறைந்த காலப் படிப்புடைய உரிமச் செவிலி இருந்தால் போதும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது ஆகிய கைங்கரியங்களை எல்லாம் செய்யும் உதவியாளருக்குக் குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சி தரப்பட வேண்டும். இத்தனை முதியவருக்கு இத்தனை பேர் என்று கணக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. 'போதுமான' ஆட்கள் என்பதோடு அது நின்றுவிட்டது. போதுமானது எது என்பதை, ஒவ்வொரு நாளின் செலவையும் எண்ணிப் பார்க்கும் நிர்வாகம் தீர்மானிக்கிறது. ஆகவே மாலை நேரத்திலும் இரவிலும் முப்பது, நாற்பது முதியவர்களுக்கு உரிமம் பெற்ற செவிலி ஒருத்தி என்பது அங்கே அதிசயமன்று. அந்த ஒருத்தி, கல்லூரியை விட்டு வந்து சில மாதங்களே ஆனவளாக இருப்பதும் அதிசயமன்று.

காலை மருந்துச் சுற்றைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். ஒரு பகுதியில் 30 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணிக்கு எழுதப்பட்ட மருந்தை ஏழு மணிக்கு முன்பும் கொடுக்கலாகாது, ஒன்பதுக்குப் பின்பும் கொடுக்கலாகாது என்பது பெரும்பாலான இல்லங்களில் வழக்கமாதலால், ஆளுக்கு 4 நிமிஷம் கிடைக்கிறது. அந்த 4 நிமிஷத்துக்குள் செவிலி கையைச் சுத்தம் செய்துகொண்டு, கணினித் திரையில் பெயரையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எட்டுப் பத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டு, விழுங்க முடியாதவருக்கு அவற்றைப் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்து (பொடிக்கக் கூடாத மாத்திரைகள் எவை என்பதும் நினைவில் இருக்க வேண்டும்), தண்ணீர் புரையேறும் என்றால் அதில் கெட்டிப்படுத்தும் மாவைச் சேர்த்து, கரண்டி கரண்டியாக ஊட்டி, விழுங்கிவிட்டாரா என்று வாயையும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலை உணவு வண்டி வருவதற்கு முன்பே விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்து இன்சுலின் போட்டாக வேண்டும். இதற்கிடையே, ஞாபகம் தடுமாறிய பாட்டி ஒருத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'என் அம்மா வந்துவிட்டாளா?' என்று கேட்கிறாள். உட்கார்ந்து, அந்தக் கையைத் தடவிக் கொடுத்து, 'உங்கள் அம்மா எப்படி இருப்பார்கள், சொல்லுங்கள்' என்று பேச்சுக் கொடுத்தால் பாட்டி அமைதி அடைவாள் என்பது இளம் செவிலிக்குத் தெரியும். கல்லூரியில் அதற்குத் தனிப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆகும் நேரத்தில் மூன்று பேருடைய மருந்து பிந்திவிடும்.

அந்தச் சமயம் பார்த்து ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டால், கணக்கு முழுதும் குலைந்து போகிறது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை கண்மணியையும் கைப்பிடியின் பலத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சாதாரண விதி. வைத்தியரையும் குடும்பத்தாரையும் தொலைபேசியில் அழைப்பது, சம்பவ அறிக்கை எழுதுவது ஆகியவை அதற்கு மேல். மருந்துச் சுற்று நிற்பதில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு, கட்டுப்பாட்டுக்குரிய வலிநிவாரண மாத்திரைகளை அடுத்து வரும் செவிலியோடு சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டுவிட்டு, அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறாள். எழுதாதது நடக்காதது என்பது அங்கே வேதவாக்கு. சிகாகோ நகரத்து இல்லங்களில் தாமே உதவியாளராக வேலை செய்து பார்த்து 1992இல் புத்தகம் எழுதிய டிமொதி டயமண்ட் என்னும் சமூகவியல் அறிஞர், இந்தப் பதிவேடுகளை நுணுகிப் பார்த்தவர். எடை, உணவின் அளவு, குளித்த நாள் ஆகியவற்றுக்கெல்லாம் கட்டம் உண்டு. பயந்து நடுங்கியவரைத் தேற்றியதற்கு மட்டும் கட்டம் இல்லை. ஆகையால் அன்று அந்தப் பாட்டியோடு செவிலி பேசியிருந்தாலும் சரி, பேசாமல் கையை விடுவித்துக்கொண்டு போயிருந்தாலும் சரி, ஏடு ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டுக்குப் போனபின் அவளை உறங்கவிடாமல் செய்வது எதுவோ, அது ஏட்டில் ஏறாமலே போய்விடுகிறது.

சரியானது எது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்ய அமைப்பு விடாதபோது உண்டாகும் மன உளைச்சலை, 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்னும் தத்துவ அறிஞர் தர்மசங்கடத்திலிருந்து பிரித்துக் காட்டினார். எது தர்மம் என்று புரியாமல் திகைப்பது ஒன்று. புரிந்தும் செய்ய இயலாமல் நிற்பது மற்றொன்று. முதியோர் இல்லத்துச் செவிலியின் துன்பம் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

புதியவளுக்கு இது இரட்டிப்பாவதற்குக் காரணம் உண்டு. மார்லீன் கிரேமர் என்னும் செவிலியர் கல்வி நிபுணர், கல்லூரியில் கற்ற இலட்சியமும் வார்டில் கண்ட நடைமுறையும் மோதும்போது இளம் செவிலிக்கு ஏற்படும் அதிர்ச்சியை 1974இல் விரிவாக ஆராய்ந்தார். முதலில் எல்லாம் நன்றாகத் தோன்றும் மயக்கம், பிறகு கோபமும் ஏமாற்றமும், அதன்பின் மெல்ல மெல்ல நிதானம் என்று அதன் படிகளையும் வகுத்தார். பத்து ஆண்டுகள் கழித்துப் பட்ரீஷியா பென்னர், கற்றுக்குட்டி நிலையிலிருந்து நிபுணத்துவம் வரை ஐந்து கட்டங்கள் உண்டென்றும், ஒரே விதமான சூழ்நிலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்த பின்பே ஒரு செவிலி எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று திட்டமிடும் தேர்ச்சியை அடைகிறாள் என்றும் எழுதினார். ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளும் பக்கத்தில் ஒரு மூத்த செவிலி இருப்பாள். அழைத்தால் ஓடி வரும் வைத்தியர் இருப்பார். முதியோர் இல்லத்தில் வைத்தியர் என்பவர் இரவில் தொலைபேசிக் குரல்தான்; மூத்த செவிலியோ, வேலைக்கு ஆள் கிடைக்காததால், இன்னொரு பகுதியில் தானும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பாள். நிபுணருக்கே சிரமமான தீர்மானங்களைக் கற்றுக்குட்டி தனியே எடுக்கும்படி விட்டுவிட்டு, அவள் சோர்ந்தால் மனத்திடம் போதவில்லை என்பது என்ன நியாயமோ தெரியவில்லை. போதாக்குறைக்கு, 'அங்கே போனால் கற்ற வித்தையெல்லாம் மறந்துபோகும், அது உண்மையான நர்ஸ் வேலை அல்ல' என்று உடன் படித்தவர்கள் சொல்லும் இளக்காரப் பேச்சு வேறு.

உதவியாளர்களோடு அவளுக்குள்ள சம்பந்தம் இன்னும் சிக்கலானது. சட்டப்படி அவள் மேற்பார்வையாளர். அநுபவப்படி, தன் தாயின் வயதுடைய, பதினைந்து இருபது ஆண்டுகளாக அதே நடைகூடத்தில் உழைத்த பெண்களின் முன் அவள் ஒரு சிறுமி. அவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவரும் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவருமாவர், கூலி சொற்பம், பலருக்கு இரண்டு வேலை. உரிமப் பத்திரத்தின் கௌரவத்தைக் காட்டி அதிகாரம் செய்யத் தொடங்குபவள் ஒரு வாரத்துக்குள் தனித்து விடப்படுகிறாள். அதற்கு மாறாக, பணி தொடங்கும்போதே அவர்களிடம் போய், 'நேற்றைக்கும் இன்றைக்கும் யாரிடமாவது வித்தியாசம் தெரிகிறதா, அக்கா?' என்ற பாவனையில் கேட்பவளுக்கு, எந்தக் கருவியும் சொல்லாத செய்தி கிடைக்கிறது. காய்ச்சல் ஏறுவதற்கு முந்திய நாளே, 'அவர் காப்பியைத் தொடவில்லை, வழக்கமாகப் போடும் சண்டையும் போடவில்லை' என்று சொல்லக்கூடியவள் தினமும் அவரைக் குளிப்பாட்டும் உதவியாளர்தான். ஜோசப் அவுஸ்லாண்டர் என்ற முதியோர் வைத்தியரும் அவருடைய சகாக்களும் வகுத்த 'இன்டர்ஆக்ட்' என்னும் திட்டத்தில், இத்தகைய சிறு மாறுதல்களை உதவியாளர் குறித்துச் செவிலியிடம் கொடுப்பதற்கென்றே ஒரு பக்கச் சீட்டு ஒன்று இருக்கிறது. அவசியமற்ற ஆஸ்பத்திரிப் பயணங்களைக் குறைப்பதற்காக ஏற்பட்டது அது. தனிமையில் தவிக்கும் புதுச் செவிலிக்கு அது வேறு ஓர் உபகாரத்தையும் செய்கிறது: பார்க்கும் கண்கள் தன் இரண்டு மட்டும் அல்ல என்ற நிம்மதி.

இனி, நெருக்கம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். லண்டன் நகரத்துப் பெரிய போதனா ஆஸ்பத்திரி ஒன்றை ஆராய்ந்து இசபெல் மென்ஸீஸ் 1960இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் மங்காத ஒளியுடையது. அங்கே பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போய்விட்டார்கள். ஏன் என்று துருவிய மென்ஸீஸ், அந்த ஆஸ்பத்திரியின் அன்றாட சம்பிரதாயங்கள் பலவும், நோயையும் மரணத்தையும் கண்டு எழும் அச்சத்திலிருந்து செவிலியரை விலக்கி வைப்பதற்காக யாரும் திட்டமிடாமலே வளர்ந்துவிட்ட அரண்கள் என்று கண்டார். ஒரு நோயாளியின் முழுப் பராமரிப்பும் ஒருத்தியிடம் விடப்படுவதில்லை. ஒருத்தி எல்லாருக்கும் வெப்பம் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை விரிப்பாள். நோயாளியைப் பெயரால் சுட்டாமல் கட்டில் எண்ணாலோ கெட்டுப்போன உறுப்பாலோ சுட்டுவது பழக்கம். பழகிய வார்டிலிருந்து முன்னறிவிப்பின்றி மாற்றினால் முகம் வாடாமல் போவதே நல்ல செவிலிக்கு அடையாளம். இத்தனை அரண்கள் இருந்தும் அச்சம் குறையவில்லை என்பதுதான் மென்ஸீஸ் கண்ட வேடிக்கை. குறைந்தது வேலையில் கிடைக்க வேண்டிய திருப்தி. மாஸ்லாக் பின்னாளில் பணிச்சோர்வின் இரண்டாவது கூறாக அளந்த அதே ஒதுக்கத்தை, அந்த ஆஸ்பத்திரி இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நற்பண்பாகக் கற்பித்துக்கொண்டிருந்தது.

முதியோர் இல்லத்தில் இந்த அரண் இன்னும் விரைவில் இடிகிறது. ஏனெனில் அங்கே நோயாளி வந்து போகிறவர் அல்லர், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பவர். அவருடைய பேத்தியின் கல்யாணப் படத்தைச் செவிலி பார்த்திருக்கிறாள். மாத்திரையை எந்தக் கன்னத்தில் ஒளித்து வைப்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் இறந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ கதவிலுள்ள பெயர்ச்சீட்டு மாறி, அதே கட்டிலில் வேறொருவர் படுத்திருக்கிறார். துக்கிப்பதற்கு அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. அது செவிலியின் துக்கம் என்று ஒப்புக்கொள்வாரும் இல்லை. இறந்தவரைப் பின்வாசல் வழியே ஓசைப்படாமல் அனுப்பிவிடும் வழக்கத்தை விட்டு, உடல்மேல் கையால் தைத்த மெத்தைப் போர்வை ஒன்றைப் போர்த்தி, செவிலியும் உதவியாளரும் சமையற்காரரும் மற்ற முதியவர்களும் இருபுறமும் நிற்க, முன்வாசல் வழியாகவே வழியனுப்பும் முறையைச் சில இல்லங்கள் கைக்கொண்டிருக்கின்றன. பத்து நிமிஷக் காரியம். அதற்கும் ஆட்கள் போதாது என்று சொல்லும் நிர்வாகிகள் உண்டு.

இவ்வாறு வெளிப்படையாக உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது செவிலியரை இன்னும் பலவீனப்படுத்தும் என்று அஞ்சுபவர்கள் பாஸ்டன் நகரத்து வக்கீல் கென்னத் ஷ்வார்ட்ஸின் வரலாற்றை அறிய வேண்டும். நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகி 1995இல் மறைந்த அவர், சிகிச்சையின் நடுவே செவிலியரும் வைத்தியரும் விதியைச் சற்றே மீறிக் காட்டிய தனிப்பட்ட அன்பே தம்மைத் தாங்கியது என்று எழுதினார். அவர் பெயரால் ஏற்பட்ட நிலையம், பணியாளர் எல்லாரும் கூடி, ஒரு நோயாளியைப் பற்றிய வைத்திய விவரங்களை ஒதுக்கிவிட்டு, அவரைப் பராமரித்தபோது தங்கள் மனத்தில் பட்டதை மட்டும் பேசும் ஒரு மணி நேரக் கூட்டங்களைத் தொடங்கியது. பிற்பாடு இங்கிலாந்திலும் இது பரவியது. இதில் தொடர்ந்து கலந்துகொண்டவர்களுக்கு மன அழுத்தம் குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வு காட்டுகிறது. இதையும் ஒரு சர்வரோக நிவாரணியாக நான் கருதவில்லை. இரவுப் பணியில் இருப்பவளால் பகல் கூட்டத்துக்கு வர முடியாது என்ற எளிய உண்மையையே இத்திட்டம் பலவிடங்களில் மறந்துவிடுகிறது.

தனி ஒருத்தி தன்னளவில் செய்துகொள்ளக்கூடியவை இல்லாமல் இல்லை; ஆனால் அவை துண்டுப் பிரசுரங்களில் காணப்படுவன அல்ல. ஒவ்வொரு முதியவரின் மருந்துகளையும் மாதம் ஒருமுறை மருந்தியலாளர் பரிசீலிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. தன் பகுதியில் யாருக்கு எந்த மாத்திரை இனித் தேவையற்றதாகத் தோன்றுகிறது, நான்கு வேளைக்கு எழுதப்பட்டதை இரண்டு வேளையாக்க முடியுமா என்று குறித்து வைத்து அவரிடம் கேட்கும் செவிலி, முதியவரின் வயிற்றுக்கும் நன்மை செய்கிறாள், தன் காலைப் பொழுதுக்கும் சில நிமிஷங்களை மீட்டுக்கொள்கிறாள். தியானம் கொடுக்காத அவகாசத்தை இது கொடுக்கிறது. அடுத்த ஆள் வரவில்லை என்று இரட்டைப் பணிக்கு இருத்திக்கொள்ள நிர்வாகம் கேட்கும்போது, மாதத்தில் எத்தனை முறை சம்மதிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்லிவிடுவதும் அத்தகையதே. குற்ற உணர்ச்சி மேலோங்கிய நள்ளிரவில் எடுக்கும் முடிவு ஒருபோதும் நல்ல முடிவாக இராது. இருந்தாலும் இவற்றின் எல்லை குறுகியது. வைத்தியர்களின் பணிச்சோர்வைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியிடப்பட்ட தொகுப்பாய்வு ஒன்று, தனிமனிதருக்குப் பயிற்சி கொடுக்கும் முறைகளைவிட, வேலை நேரத்தையும் அமைப்பையும் மாற்றும் முறைகளே மிகுந்த பலன் தந்தன என்று காட்டியது. செவிலியரிடையே பென்சில்வேனியாவின் 168 ஆஸ்பத்திரிகளில் லிண்டா எய்க்கன் நடத்திய ஆராய்ச்சி 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு தடவையும் பணிச்சோர்வுக்கான சாத்தியம் 23 சதவிகிதமும், நோயாளி 30 நாளுக்குள் இறப்பதற்கான சாத்தியம் 7 சதவிகிதமும் உயர்கின்றன என்பது அதன் முடிவு.

முதியோர் இல்லத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷச் சக்கரம் புலப்படும். 2017, 2018ஆம் ஆண்டுகளின் ஊதியப் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்க முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணியாளர் மாறும் விகிதத்தின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 128 சதவிகிதம். அதாவது ஓராண்டுக்குள் இருக்கும் இடங்களைவிட விலகுபவர்களின் தொகை அதிகம். ஒரே உதவியாளரை ஒரே முதியவர்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கினால் இருவருக்கும் நன்மை என்பதை இத்துறையில் மறுப்பவர் அரிது. நாளைக்கு யார் வருவார் என்றே தெரியாத இடத்தில் யாரை யாருக்கு ஒதுக்குவது? முகங்கள் மாற மாற நெருக்கம் அறுகிறது. நெருக்கம் அறுந்த வேலையில் தங்குவதற்கு ஒன்றுமில்லாமல் இன்னும் சிலர் போகிறார்கள். இந்நிலையில், முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பும், இரவு பகல் எந்நேரமும் ஒரு பதிவுபெற்ற செவிலியும் கட்டாயம் என்று மத்திய அரசு 2024இல் விதி வகுத்தது. இத்தனை செவிலியருக்கு எங்கே போவது என்று இல்ல உரிமையாளர்களின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு மத்திய நீதிபதி 2025 ஏப்ரலில் அந்த விதியைச் செல்லாதென்று தள்ளிவிட்டார். உரிமையாளர்களின் கேள்வியில் ஒரு பாதி நியாயம் இல்லாமலில்லை. இல்லங்களில் வசிப்பவர்களில் ஐந்தில் மூவருக்கு 'மெடிக்கெய்ட்' என்னும் ஏழைகளுக்கான அரசு உதவித் திட்டமே பணம் கட்டுகிறது. அது தாராளமாகக் கொடுப்பதில்லை.

நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் நேரான சம்பந்தம் ஒன்று உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆட்பஞ்சத்தை ஈடு செய்ய அயல்நாட்டுச் செவிலியரைத் தேடுகின்றன; கேரளத்திலிருந்து நெடுங்காலமாகவும், தமிழ்நாட்டிலிருந்து இப்போது பெருகியும் இளம்பெண்கள் போகிறார்கள். 1978இல் ஏற்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் மொழி கற்பித்து அந்நாட்டுக்கு அனுப்பும் பணியிலும் ஈடுபட்டிருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துணைக்கு வந்த உறவினர் பொறுப்பு, அல்லது ஆயாவின் பொறுப்பு. பட்டம் பெற்ற நர்ஸ் ஊசி போடுவாள், சலைன் ஏற்றுவாள், ஏடு எழுதுவாள். ஜெர்மனியிலோ உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் பட்டம் பெற்ற செவிலியின் சாதாரண வேலை. ஒரு முதியவரை எழுப்பிப் பல் துலக்கி உடுத்தி உணவு மேஜைக்கு அழைத்துச் செல்வதில் காலைப் பொழுது கழியும்போது, 'இதற்கா நான்கு வருஷம் படித்தேன்?' என்று மனம் கசப்பவர்கள் உண்டு. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அதைச் சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. அதே வேலையில்தான் முதியவரோடு பேச நேரம் வாய்க்கிறது என்பதைக் கண்டுகொள்பவர்களுக்குக் கசப்பு நீங்குகிறது, ஆனால் அதைக் கண்டுகொள்ளும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கிரேமர் அந்த நாளில் ஒரு காரியம் செய்தார்: அம்மை வருமுன் ஊசி குத்துவதுபோல, பிற்பாடு நேரப்போகும் அதிர்ச்சிகளை மாணவிகளுக்குக் கல்லூரியிலேயே சிறிது சிறிதாகக் காட்டிப் பழக்கினார், அவ்வாறு பழகியவர்கள் வேலையில் நிலைத்து நின்றார்கள். அதை இங்கே செய்வதற்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை. மொழி வகுப்பு நடக்கும் மாதங்களிலேயே, அங்கே போய் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் செவிலி ஒருத்தியை வரவழைத்து, ஒரு காலைப் பொழுது முழுவதும் மணிக்கணக்கோடு சொல்லச் செய்யலாம். பிறகு மாணவிகளை அருகிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சில வாரங்கள் உதவியாளர்களின் கீழ் வேலை செய்ய விடலாம். அந்த வாரங்களிலேயே, இது எனக்கு ஒவ்வாது என்று ஒருத்தி விலகிக்கொண்டால், அதையும் திட்டத்தின் தோல்வியாகக் கணக்கில் எழுதக் கூடாது.